அட்டமியில் வைத்த பல்

இந்தமுறை பல்லுக் கட்டியே தீருவது என்று இராஜதுரை ஐந்தாவது தடவையாக முடிவெடுத்தார். முடிவெடுத்த கையோடு குசினிச் சுவரில் தொங்கிய கலண்டரையும் ஒருதரம் பார்த்தார். அங்கேதான் காரியம் பிழைத்தது.

அந்தக் கலண்டர் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் வருசப்பிறப்புக்குச் சும்மா கொடுத்தது. மேலே லட்சுமி. கீழே கடையின் ரெலிபோன் இலக்கம். நடுவில், மனிசருக்கு வரக்கூடிய கெடுதி எல்லாம் நாள் தவறாமல் சிவப்பு மையில். மனுசி வள்ளிநாயகி அதைப் பாராமல் ஒரு பிடி கறிவேப்பிலையும் வாங்கமாட்டா. இராஜதுரையோ கலியாணம் கட்டின நாளிலிருந்து அதைப் பகிடி பண்ணியே காலம் தள்ளினவர். "ராகுவுக்கு மெத்றோ ரிக்கற் ஆர் எடுத்துக் குடுக்கிறது?" என்று கேட்பார். அப்படிப்பட்ட மனுசன் இரண்டு வருசமாகப் பெரிய சாத்திரியாராக மாறியிருந்தார். காரணம் பக்தி இல்லை. ஊசி.

சும்மா சொல்லக்கூடாது, மற்ற எல்லாவற்றிலும் இராஜதுரை துணிந்த ஆள்தான். பாரிஸில் ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோறன்ரில் இருபது வருசமாகக் குசினி வேலை. ஒரு முழு ஆட்டுத் தொடையை எலும்பு வேறு தசை வேறாகப் பிரிக்க அவருக்கு ஐந்து நிமிசம் போதும். ஆனால் பல்லு டொக்டரின் கதிரை பின்பக்கம் சாயத் தொடங்கினால், மனுசனின் உயிர் முன்பக்கத்தால் இறங்கி ஓடிவிடும். 2011 இல் ஒரு கோழிக்காலோடு மல்லுக்கட்டப் போய் கோழி வென்றது. இடப்பக்கக் கீழ்க்கடைவாயில் ஒரு பல் பிளந்தது, பக்கத்துப் பல்லும் பழுதானது, இரண்டையும் பிடுங்கினார்கள். அன்று பிடித்த நடுக்கம்தான்.

2014 இல் வள்ளிநாயகிதான் அவரை ஒபர்வில்லியேயில் பல்லு டொக்டர் பியட்றிஸிடம் இழுத்துக்கொண்டு போனா. டொக்டர் பாண்டிச்சேரிக் குடும்பத்துப் பிள்ளை. தமிழ் கதைப்பா. இராஜதுரையின் தலையைச் சுற்றி ஒரு மெசின் ஓடியது. கொஞ்ச நேரத்தில் அவருடைய தாடை கொம்பியூட்டரில் வந்து நின்றது. தன்னுடைய தாடையைத் தானே பார்க்கமாட்டாமல் அவர் சுவரைப் பார்த்தார்.

"இங்க பாருங்க மிஸ்யே," என்றா பியட்றிஸ். "இந்தக் கோடு இருக்கே, இது உதட்டுக்குப் போற நரம்பு. நாம வைக்கிற திருகாணி இதைத் தொடக்கூடாது. ரெண்டு மில்லிமீட்டராவது தள்ளி நிக்கணும். அதனாலதான் எலும்பு எவ்ளோ உயரம், எவ்ளோ அகலம்னு முன்னாடியே அளக்கிறோம். அளந்துட்டுத்தான் எவ்ளோ நீளத் திருகாணின்னு முடிவு பண்ணுவேன்."

"திருகாணியோ?"

"டைட்டானியம்ங்க. எலும்பு அதை வேத்து ஆளா நினைக்காது. மூணு நாலு மாசத்துல இறுக்கிப் பிடிச்சிக்கும். அதுக்கப்புறம் மேல பல்லு. சொந்தப் பல்லு மாதிரியே கடிக்கலாம்."

"எலும்பிலை ஓட்டை போடுவியளோ?"

"போடுவோம். சின்னதா ஒண்ணு, அப்புறம் கொஞ்சம் பெருசு, தண்ணி விட்டுக்கிட்டே. எலும்பு சூடாகக்கூடாது பாருங்க. மரத்துப்போக முதல்லயே ஊசி போட்டுடுவேன்."

ஊசி என்ற சொல்லுக்குப் பிறகு டொக்டர் சொன்னது ஒன்றும் இராஜதுரையின் காதில் ஏறவில்லை. கேள்வி முழுக்க வள்ளிநாயகிதான் கேட்டா. எவ்வளவு நேரம் எடுக்கும்? வீக்கம் எத்தனை நாள் நிற்கும்? கூட ஆரும் வரலாமோ?

"வரணும் மதாம். வீட்டுக்குத் தனியா போகவேணாம்," என்றா பியட்றிஸ். பிறகு இராஜதுரையின் பக்கம் திரும்பினா. "ஒண்ணு சொல்றேன் மிஸ்யே, தள்ளிப்போடாதீங்க. பல்லு இல்லாத எடத்துல எலும்புக்கு வேலை கிடையாது. வேலை இல்லாத எலும்பு கரைஞ்சு போயிடும். அப்புறம் திருகாணி வைக்க எடமே இருக்காது."

மனுசி தனக்காக இவ்வளவு கேள்வி கேட்கிறாவே என்று இராஜதுரைக்குப் பெருமையாக இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் வள்ளிநாயகி சொன்னா:

"நோகாதாம் அப்பா."

"நோகாதெண்டு சொல்லுறவைக்கு நோகாதுதானே!"

"நீங்கள் முதல் செய்யுங்கோ. பிறகு பாப்பம்."

பிறகு என்னத்தைப் பார்க்கப்போகிறாய் என்று அந்த மனுசன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆட்டுத் தொடையில் எந்த எலும்பு எங்கே இருக்குமென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிறவருக்கு, பக்கத்துச் சீற்றில் இருந்த மனுசியின் மனம் மட்டும் பிடிபடவில்லை.

திருகாணி வைக்க டொக்டர் குறித்த நேரம், முதல் றொந்தெவூ, ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குக் கிடைத்தது. இராஜதுரை ஒருநாளும் இல்லாத திருநாளாகக் கலண்டருக்கு முன்னால் மூக்குக்கண்ணாடியோடு போய் நின்றார்.

"இஞ்சாரும், செவ்வாய்க்கிழமை மூண்டு மணி ராகுகாலமெல்லோ?"

வள்ளிநாயகி அகப்பையோடு திரும்பினா. "நீங்களோ ராகுகாலம் பாக்கிறியள்?"

"வாயிலை இரும்பு வைக்கிற விசயம். விளையாட்டே?"

"அது கொழும்பு நேரம் போட்ட கலண்டர். அங்கை மூண்டு மணியெண்டால் இஞ்சை காலமை பதினொன்றரை. நீங்கள் போய்ச் சேரமுன்னம் உங்கட ராகு அலுவல் முடிச்சுப்போட்டுப் போயிடுவார்."

இராஜதுரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் ஒரு பாடம் படித்துக்கொண்டார்: மணித்தியாலத்தில் பிடித்தால் மனுசி வெல்லுவா, நாளில் பிடிக்கவேணும். அடுத்தநாள் காலமையே கண்டுபிடித்துவிட்டார்.

"வள்ளி! அண்டைக்குக் கரிநாளும்! கரிநாளுக்குக் கொழும்பெண்டும் பாரிஸ் எண்டும் இருக்கே?"

மனுசி அகப்பையோடு அடுப்புக்குத் திரும்பினா. இராஜதுரை அந்தக் கணமே கிளினிக்குக்கு ரெலிபோன் அடித்தார். அங்கே உதவிக்கு நிற்கும் ஷார்லோத் எடுத்தா. 'கரிநாள்' என்பதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்லுவது? மனுசனுக்குத் தெரிந்த ஒரே சொல் 'பெத்'. பண்டிகை.

"றொந்தெவூ ஏலாது மதாம். எங்களுக்கு பெத்."

"அப்படியா! நல்ல பண்டிகையாக அமையட்டும் மிஸ்யே," என்று ஷார்லோத் பிரெஞ்சில் வாழ்த்தினா. அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்.

இரண்டாவது றொந்தெவூ ஆடி மாசத்தில் விழுந்தது. பெத். மூன்றாவதுக்குச் சந்திராட்டமம். பெத். நாலாவதுக்கு நவமி. இதற்குள் இரண்டு வருசம் ஓடிவிட்டது. "மிஸ்யே, உங்கள் ஆட்களுக்கு வேலைநாள் என்று ஒன்று இருக்கிறதா?" என்று ஷார்லோத் உண்மையாகவே அறிய ஆசைப்பட்டுக் கேட்டா.

இந்த இரண்டு வருசமும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் அதே பழைய சண்டை. ஆட்டிறைச்சிச் சண்டை.

"இது இறைச்சியோ களியோ? இறைச்சிக்கு ஒரு பதம் இருக்கு. கடிக்கவேணும், பல்லுக்குப் பிடிபடவேணும். நான் வேலை செய்யிற இடத்திலை இதைக் குடுத்தால் கோப்பையோட திருப்பி அனுப்புவாங்கள்!"

"உங்கட பல்லுக்காகத்தான் அவியவிட்டனான்."

"எனக்கு ஒரு பக்கம்தானே இல்லை! மற்றப் பக்கத்தாலை கல்லையும் கடிப்பன். உமக்குச் சமைக்கத் தெரியாட்டில் அதைச் சொல்லும்."

வள்ளிநாயகி இறைச்சியை விரலால் இன்னும் பிய்த்து, சோற்றுக்குள் வைத்துப் பிசைந்து சாப்பிடுவா. தேத்தண்ணியோடு றஸ்க் கொடுத்தால் அது கரையும்வரை தோய்த்துக்கொண்டே இருப்பா. அது அவவின் ருசி என்று இராஜதுரை நினைத்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு வருசம் ஒரே மேசையில் நேருக்கு நேர் இருந்து சாப்பிட்டவர்.

ஐந்தாவது றொந்தெவூ 2016 புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. இதுவும் தவறினால் முதலில் எடுத்த படம் உதவாது, எலும்பைத் திரும்ப அளக்கவேண்டி வரும் என்று டொக்டர் சொல்லியனுப்பியிருந்தா. அதனால்தான் மனுசன் கட்டியே தீருவது என்று முடிவெடுத்தார். அதனால்தான் கலண்டரையும் பார்த்தார்.

அட்டமி.

"வள்ளி, வெள்ளிக்கிழமை அட்டமியாம். என்ர நட்சத்திரத்துக்கு அட்டமியிலை உடம்பிலை கத்தி படக்கூடாது." இந்தச் சாத்திரம் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. அவர் குசினிக் கதிரையில் இருந்து அப்போதுதான் செய்தது.

வள்ளிநாயகி கலண்டரைப் பார்த்தா. அவரைப் பார்த்தா. திரும்பக் கலண்டரைப் பார்த்தா.

"ஓம் அப்பா. உங்கட நட்சத்திரத்துக்குக் கூடாதுதான். நீங்கள் போகவேண்டாம்."

"என்ன?"

"வீணாய் ஏன் ஆபத்தை விலைக்கு வாங்குவான்? நான் ஷார்லோத்தோடை கதைக்கிறன்."

ஒரு தர்க்கம் இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை! இராஜதுரைக்குக் கால் நிலத்தில் படவில்லை. வெள்ளிக்கிழமைக்கு எடுத்த லீவு கையில் இருந்தது. அன்று நேரே லாச்சப்பலுக்குப் போய், கூட்டாளி தர்மராசாவைப் பிடித்து, இரண்டு றோல்ஸும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்து, தன் வெற்றிக்கதை முழுவதையும் அவிழ்த்துவிட்டார்.

"மனுசியை மனுசியின்ர கலண்டராலையே கட்டிப்போட்டன் பாத்தியே!"

"அண்ணை, அக்கா அப்பிடிச் சும்மா ஓமெண்டு சொல்லுற ஆளில்லையே," என்றான் தர்மராசா.

"எல்லாம் என்ர கெட்டித்தனம்!" என்றார் இராஜதுரை. வென்றவன் தாராளமாக இருக்கவேண்டும் என்று நினைத்து, மனுசிக்குப் பிடிக்குமே என்று பருத்தித்துறை வடை ஒரு பைக்கற்றும் வாங்கினார். நல்ல முறுகல் வடை. விழுந்தால் நிலம்தான் உடையும்.

ஐந்து மணிக்கு வீட்டுக்கதவைத் திறந்தால், வள்ளிநாயகி சோபாவில் சாய்ந்திருந்தா. இரண்டு கன்னமும் வீங்கியிருந்தது. துவாய்க்குள் ஐஸ்கட்டியைச் சுற்றி ஒரு பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தா. மேசையில் உருகின ஐஸ்கிறீமும், பக்கத்தில் கிளினிக்கின் பெரிய வெள்ளைக் கவரும்.

"ஐயோ! என்னப்பா நடந்தது? விழுந்து போனீரோ?"

"றொந்தெவூ வீணாய்ப் போகுதே எண்டு நான் போயிட்டு வந்தன்." வாய் மரத்துப்போனதில் சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

"உமக்கென்ன பல்லிலை?"

வள்ளிநாயகி கவரைக் காட்டினா. இராஜதுரை படத்தை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கீழ்த்தாடை. வலப்பக்கம் ஒரு திருகாணி, இடப்பக்கம் ஒரு திருகாணி. மூலையில் வள்ளிநாயகியின் பெயர்.

"எனக்கு இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லில்லை. எட்டு வருசமாய்."

"எட்டு வருசமாயோ! ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனான். பல்லுக்கொதி எண்டு அழுதனான். கராம்பை வைச்சுக் கடி எண்டு சொல்லிப்போட்டு வேலைக்குப் போனீங்கள். நான் தனியப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தன். பிறகு நீங்கள் கேக்கவுமில்லை."

இராஜதுரைக்கு அந்தக் கராம்பு நினைவு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே நினைவில் இல்லை.

"உங்கட எலும்பை அளந்த அடுத்த கிழமையே நானும் போய் அளந்தனான் அப்பா. ஆனால் பயம். உங்களிலும் பாக்க எனக்குத்தான் கூடப் பயம். நீங்கள் முதல் செய்து சுகமாய் வந்தால், அந்தத் துணிவிலை நானும் போவன் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ஒவ்வொருமுறையும் நீங்கள் நிப்பாட்ட, நானும் நிண்டுபோனன். போன மாசம் திரும்ப அளந்தபோது டொக்டர் சொன்னா, எலும்பு கரையுது மதாம், இனியும் பாத்துக்கொண்டிருந்தால் கஷ்டம் எண்டு."

இராஜதுரை கதிரையில் இருந்துவிட்டார். எதையாவது சொல்லவேண்டும் போலிருந்தது. வாயில் வந்தது பழைய வக்கீல் புத்திதான்.

"இண்டைக்கு அட்டமியெல்லோ?"

"அது உங்கட நட்சத்திரத்துக்கெண்டு நீங்கள்தானே சொன்னியள். எனக்கு வேறை நட்சத்திரம்."

இராஜதுரை படத்தைத் திரும்பக் கவருக்குள் வைத்தார். பிறகு அவர் மெல்லக் கேட்டார். "தனியவோ போனீர்?"

"ஓம். ஷார்லோத் கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. நல்ல பிள்ளை. பஸ்ஸிலை இருக்க இடம் கிடைக்கேல்லை, அதுதான் கொஞ்சம் தலை சுத்தினது." ஐஸ்கட்டியை மற்றக் கன்னத்துக்கு மாற்றினா. "மிஸ்யே எங்கை எண்டு டொக்டர் கேட்டவ."

"நீர் என்ன சொன்னனீர்?"

"பெத் எண்டு சொன்னன்."

இராஜதுரைக்குக் கண் கலங்கியது. மனுசி வாயைத் திறந்தபடி பயத்தில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்த நேரத்தில், தான் றோல்ஸைக் கடித்துக்கொண்டு தன்னுடைய கெட்டித்தனத்தைக் கதைத்துக்கொண்டிருந்ததை நினைக்க வெட்கமாக இருந்தது. எட்டு வருசம் அந்த இறைச்சி ஏன் களியாக அவிந்தது என்பது இப்போதுதான் விளங்கியது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை பேச்சு! ஒன்றையும் திரும்ப எடுக்கமுடியாது. என்ன செய்வதென்று தெரியாமல் பருத்தித்துறை வடைப் பைக்கற்றை நீட்டினார். நீட்டின பிறகுதான் அதுவும் பிழையென்று தெரிந்தது.

வள்ளிநாயகி வடையைப் பார்த்தா. "வையுங்கோ," என்றா. "நாலு மாசத்தாலை தின்னுறன்."

சொன்னபடியே தைப்பொங்கல் கழித்து அவவுக்குத் திருகாணிகளுக்கு மேலே பல்லுப் பூட்டினார்கள். இந்தமுறை இராஜதுரை கூடப் போனார், கோட்டைத் தூக்கிக்கொண்டு நின்றார், கதவைத் திறந்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேசையில் ஆட்டிறைச்சி வந்தது. எலும்போடு, நார் நாராக, குழம்பு வற்றி, அவர் இத்தனை வருசம் தொண்டை கிழியக் கேட்ட அதே பதம்.

வள்ளிநாயகி ஒரு துண்டை எடுத்துக் கடித்தா. கண்ணை மூடிக்கொண்டு மென்றா. எட்டு வருசத்து ஆசை அந்த முகத்தில் தெரிந்தது.

இராஜதுரையும் ஒரு துண்டை வலப்பக்கத்தில் வைத்து ஒரு கடி கடித்தார். "ஆ!" ஒற்றைப் பக்கம் ஐந்தாறு வருசம் இரண்டு பக்கத்து வேலையையும் பார்த்துக் களைத்துப்போய், இருந்த கடைவாய்ப் பல்லும் ஆடிக்கொண்டிருந்தது.

"என்னப்பா, பதம் சரியில்லையோ?"

"பதம் திறம்," என்றார் பாவம். அன்றைக்கு அவர் குழம்பும் சோறும்தான்.

அடுத்த கிழமை ஆரும் இழுக்காமல் தானாகவே டொக்டரிடம் போனார். தன்னுடைய 'பெத்' எல்லாம் என்னவென்று, கடைசி அட்டமிவரை, ஒளிக்காமல் சொன்னார். பியட்றிஸ் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தா.

"அப்போ நரம்புக்கு மேல எலும்பு இவ்ளோ இருந்துது மிஸ்யே." பெருவிரலையும் சுட்டுவிரலையும் அகட்டிக் காட்டினா. "இப்போ இவ்ளோதான்." விரல்கள் கிட்ட வந்தன. "இதுல திருகாணி நிக்காது. முதல்ல எலும்புத்தூள் வெச்சுக் கட்டி, ஆறு மாசம் விட்டு, அப்புறமாத்தான் திருகாணி."

"அப்ப ஊசி?"

"ரெண்டு வாட்டிங்க."

கரிநாள், ஆடி, சந்திராட்டமம், நவமி, அட்டமி. எல்லாம் சேர்ந்து அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில் தெரிந்தன. அவ்வளவு எலும்பையும் தின்றது ராகுவுமில்லை, கேதுவுமில்லை. தானேதான் என்று மனுசனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பொய்யாகக் கும்பிட்ட சாமியும் பிடிக்கும்போது உண்மையாகவே பிடிக்கும் போலிருக்கிறது. அன்றிலிருந்து அவர் கலண்டரைப் பாராமல் சப்பாத்தும் போடுவதில்லை.

றொந்தெவூவை வள்ளிநாயகிதான் எடுத்தா.

"எண்டைக்கு?"

"செவ்வாய்க்கிழமை. மூண்டு மணி."

இராஜதுரை கலண்டரைத் திரும்பிப் பார்த்தார். "வள்ளி... அது ராகுகாலமெல்லோ?"

"ஓம். கொழும்பிலை."

அந்தச் செவ்வாய்க்கிழமை அவ கூடவே வந்தா. பஸ்ஸில் அவருக்கு இடம் பிடித்து இருத்தினா. காத்திருக்கும் அறையில் அவருடைய குளிர்ந்த கையைத் தன் மடியில் வைத்துப் பொத்திக்கொண்டா.

"வள்ளி, அண்டைக்கு நான் வந்திருக்கவேணும்."

"ஓம், வந்திருக்கவேணும்," என்றா வள்ளிநாயகி. பிறகு அவருடைய கையை ஒருதரம் அமத்தினா. "பயப்படாதேங்கோ. கதவுக்கு வெளியிலைதான் இருப்பன். நான் இருக்கிறனெண்டு உங்களுக்குச் சத்தம் கேக்கும்."

கதிரை பின்னால் சாய்ந்தது. ஊசி வந்தது, போனது. நாக்கு, உதடு, கன்னம் எல்லாம் வேறு ஆருடையவோ ஆகிவிட்டன. ஷார்லோத் இந்தப் பக்கம், பியட்றிஸ் அந்தப் பக்கம், மேலே வெளிச்சம். இராஜதுரை கண்ணை இறுக மூடிக்கொண்டு, வெளியில் மனுசி ஏதோ தேவாரம் படிக்கப்போகிறா என்று காதைக் கொடுத்தார்.

பிளாஸ்ரிக் பை பிரிகிற சத்தம் முதலில் கேட்டது. பிறகு, கடக். கொஞ்சம் பொறுத்து, மொறு மொறு மொறு. திரும்ப, கடக்.

பருத்தித்துறை வடை.

பியட்றிஸ் கையை நிறுத்தி, கதவுப் பக்கம் காதைச் சாய்த்து, முகமெல்லாம் மலரச் சொன்னா:

"கேக்குதுங்களா மிஸ்யே? நான் அட்டமியில வெச்ச பல்லு!"